வயித்துக் கோளாறுன்னு வெச்சுக்க

லாரி ஓட்டுநர் நீட்டிய சரக்குச் சீட்டில் தண்ணீர் பட்டு மை கலைந்திருந்தது. ஆனாலும் படிக்க வேண்டிய ஒரே ஒரு பெயர் தெளிவாகத்தான் இருந்தது. சோடியம் நைட்ரைட், பன்னிரண்டு டன். ஜூராகான் கண்ணாடியைக் கழற்றி மேலங்கியின் ஓரத்தில் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தாள். பெயர் மாறவில்லை.

குளிரில் கான்கிரீட் உறைந்துபோகாமல் இருக்கக் கலக்கிற சரக்கு அது. மலைக்கு மேலே பாலம் கட்டுகிற ஒப்பந்தக்காரருக்குப் போய்க்கொண்டிருந்தது. காலை ஏழு மணிக்கு வளைவில் பிரேக் பிடிக்காமல் லாரி பெரிய வாய்க்காலுக்குள் கவிழ்ந்துவிட்டது. மூட்டைகளில் பாதி உடைந்து கரைந்தே போயிற்று. கரையில் சிதறிக் கிடந்ததைக் கல்லுப்பு என்று நினைத்து ஆடுகள் நக்கின. ஒன்பது மணிக்குள் ஆறு ஆடுகள் செத்தன. ஆட்டுக்காரன் கத்திக்கொண்டு ஓடிவந்ததால்தான் தாஷ்-புலாக் மாவட்டச் சுகாதார நிலையத்துக்கே விஷயம் தெரிந்தது. இல்லாவிட்டால் ஓட்டுநர் உடைந்த கையைக் கட்டிக்கொண்டு நேரே வீட்டுக்குப் போயிருப்பான்.

ஜூராகான் அந்த நிலையத்தில் இருபத்தெட்டு வருஷமாகத் தொற்றுநோய் மருத்துவர். நைட்ரைட் என்ன செய்யும் என்று அவளுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. அது ரத்தத்தைக் கெடுத்துப் பழுப்பாக்கும். மூச்சு வந்துபோகும், ஆனால் அந்த மூச்சை ரத்தம் உடம்புக்குள் கொண்டுபோகாது. உதடும் நகமும் நீலம் பாரிக்கும். பெரியவர்கள் தலைவலி, வாந்தியோடு தப்பித்தாலும் தப்பிப்பார்கள். புட்டிப்பால் குடிக்கிற குழந்தை தப்பிக்காது. கொதிக்க வைத்தால் போகிற சரக்கும் இல்லை. தண்ணீர் சுண்டும், விஷம் அப்படியே இருக்கும்.

அவள் சுவரில் தொங்கிய வரைபடத்தைப் பார்த்தாள். வாய்க்கால் லாரி விழுந்த இடத்திலிருந்து இருபது கிலோமீட்டர் இறங்கி, எல்லைக் கம்பிவேலிக்கு அடியில் நுழைந்து, கஸாக்ஸ்தான் பக்கம் யெங்பெக் கிராமத்துக்குப் போகிறது. தண்ணீர் போய்ச் சேர மத்தியானம் மூன்று, நான்கு மணி ஆகும். தூர் வாரி முடித்து வாய்க்காலில் தண்ணீர் விட்டு மூன்றே நாள்தான் ஆகியிருந்தது. யெங்பெக்கில் ஒவ்வொரு வீட்டிலும் முற்றத்துத் தொட்டியை நிரப்பிக்கொண்டிருப்பார்கள். குடிக்க, சமைக்க, தேநீர் போட எல்லாவற்றுக்கும் அந்தத் தொட்டிதான். அந்த ஊரில் ஒரே ஒரு மருத்துவர். பெயர் ஒராஸ்பெக். ஜூராகானோடு மருத்துவக் கல்லூரியில் ஒரே வகுப்பில், ஒரே பெஞ்சில் ஆறு வருஷம் படித்தவர். அப்போது இரண்டும் ஒரே நாடு, நடுவில் எல்லையும் இல்லை, கம்பிவேலியும் இல்லை.

நிலையத் தலைவர் எசெங்குலோவ் பத்து மணிக்கு எல்லோரையும் கூட்டினார். அவளைவிடப் பதினான்கு வயது சின்னவர், அதனால் அக்கா என்றுதான் கூப்பிடுவார். மரியாதையில் ஒரு குறையும் வைக்க மாட்டார். காரியத்திலும் அன்று ஒரு குறையும் வைக்கவில்லை. நம் ஊர்களுக்குப் பிரிகிற மதகுகளையெல்லாம் உடனே அடைக்கச் சொன்னார். தண்ணீர் லாரிகளை வரவழைத்தார். மருத்துவமனை அலமாரியிலிருந்த மாற்று மருந்தை, மெத்திலீன் நீலம், அறுபது ஊசிக்குப்பிகள், எண்ணி எடுத்து ஜூராகானிடமே ஒப்படைத்தார். பதினோரு மணிக்குள் நம் பக்கத்தில் ஒரு சொட்டு வாய்க்கால் தண்ணீர்கூட எந்த வீட்டுக்கும் போகாது என்ற நிலை வந்தது. நம் மதகுகளை அடைத்ததால் அவ்வளவு தண்ணீரும் எங்கேயும் பிரியாமல் முழுசாகக் கீழே போகும் என்பதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

ஜூராகான்தான் சொன்னாள். யெங்பெக்குக்குத் தகவல் போக வேண்டும் என்றாள். போய்விட்டது என்றார் எசெங்குலோவ். தலைநகருக்குக் கடிதம் தொலைநகலில் போயிருக்கிறது. அங்கே சுகாதார அமைச்சகம் பார்த்து, வெளியுறவு அமைச்சகத்துக்கு அனுப்பி, அவர்கள் அந்த நாட்டு வெளியுறவுக்கு எழுதி, அங்கிருந்து அவர்கள் சுகாதாரத்துக்கு வந்து, மாகாணத்துக்கு வந்து, மாவட்டத்துக்கு வந்து, அப்புறம் யெங்பெக்குக்கு வரும். அவர் விரல் விட்டு எண்ணிக்கொண்டே சொன்னார். சொன்னதில் ஒரு வரிகூடத் தப்பில்லை. ஒப்பந்தத்தில் அப்படித்தான் எழுதியிருக்கிறது.

"எத்தனை மணிக்கு வரும் தம்பி?" என்று கேட்டாள்.

"அதை நான் எப்படிக்கா சொல்ல முடியும்? மூணு வருஷம் முன்னாடி நீங்க ஆந்த்ராக்ஸ் விஷயத்தை ஃபோன்லயே சொல்லி வாங்கிக் கட்டிக்கிட்டது ஞாபகம் இருக்குல்ல. கடித எண் இல்லாம ஒரு வார்த்தை அந்தப் பக்கம் போகக் கூடாது. உங்களுக்கு ஓய்வுக்கு இன்னும் ரெண்டு வருஷம். எனக்கு வீட்ல மூணு பேரு. புரிஞ்சுக்கங்க."

அவளுக்குப் புரிந்தது. மூன்று வருஷத்துக்கு முன்னால் அவளை ஒரு அறையில் உட்கார வைத்து, சீருடை போடாத இரண்டு பேர் நாலு மணி நேரம் கேள்வி கேட்டார்கள். அடிக்கவில்லை, திட்டவில்லை. வெளிநாட்டுக்காரரிடம் அரசாங்கத் தகவலை ஏன் கொடுத்தாய் என்று அதே கேள்வியை அதே குரலில் நாலு மணி நேரம் கேட்டார்கள். ஒராஸ்பெக் எனக்கு வெளிநாட்டுக்காரரா என்று அவள் திருப்பிக் கேட்கவில்லை. கேட்கத் துணிவு இல்லை. அன்றிலிருந்து அவளுக்குக் கைப்பேசியை எடுத்தாலே உள்ளங்கை வியர்க்கும்.

இருந்தாலும் பதினொன்றரைக்கு ஆய்வுக்கூடத்துக்குப் பக்கத்திலிருந்த சாமான் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு ஒராஸ்பெக்கைக் கூப்பிட்டாள். முழுசாகச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனாள். அதை அவள் பின்னால் பல பேரிடம் சத்தியம் செய்து சொல்லியிருக்கிறாள். நானும் நம்புகிறேன்.

ஒராஸ்பெக் எப்போதும்போல் வீடு, வாசல், ஆடு, மாடு எல்லாவற்றையும் விசாரித்தார். ஃபோனில் எடுத்த எடுப்பில் விஷயத்துக்கு வருவது அந்தப் பக்கத்தில் பழக்கமில்லை, இந்தப் பக்கத்திலும் இல்லை. அவர் மகள் கல்யாணம் நிச்சயமான கதையைச் சொன்னார். அவளும் கேட்டுக்கொண்டாள். இரண்டு நிமிஷம் அதில் போனது.

"ஒராஸ், நான் சொல்றதைக் கேளு. இன்னிக்கு மத்தியானத்துலேருந்து உங்க ஊர்ல யாரும் வாய்க்கால் தண்ணியை எடுக்க வேணாம். ரெண்டு மூணு நாளைக்கு."

அவர் சிரித்தார். "ஏன் ஜூரா, மறுபடியும் மதகை அடைக்கப் போறாங்களா உங்க ஆளுங்க? போன வருஷம் தூர் வாருறோம்னாங்க. அதுக்கு முந்தின வருஷம் கரை உடைஞ்சிடுச்சுன்னாங்க. இப்ப நீயும் சேந்துக்கிட்டியா?"

இதுதான் அந்த வாய்க்காலின் சாபம். ஒவ்வொரு ஏப்ரலிலும் மேலே இருக்கிறவர்கள் தங்கள் வயலுக்கு ஒரு பாய்ச்சல் கூடுதலாக எடுத்துக்கொள்ள ஏதாவது ஒரு காரணம் சொல்வார்கள். கீழே இருக்கிறவர்கள் நம்பிக் காத்திருந்துவிட்டு, பிறகு ஏமாந்தோம் என்று தெரிந்து மண்வெட்டியோடு எல்லைக்கு வருவார்கள். இரண்டு வருஷம் முன்பு ஒருவன் மண்டை உடைந்தது. மேலேயிருந்து தண்ணீரைப் பற்றி எந்தச் செய்தி வந்தாலும் யெங்பெக் அதைத் தண்ணீர்த் திருட்டு என்றுதான் காதில் வாங்கும்.

இல்லை, இது வேறு, நிஜமாகவே தண்ணீர் சரியில்லை என்றாள் ஜூராகான். அவள் குரலில் இருந்த நடுக்கத்தில் ஒராஸ்பெக்கின் சிரிப்பு நின்றது.

"சரி, நான் நம்புறேன். ஊர் நம்பணுமே. எடுக்காதேன்னு நான் போய்ச் சொன்னா, மேல இருக்கிறவனுங்க ஆரம்பிச்சிட்டானுங்க, டாக்டரும் விலைபோயிட்டாருன்னு எம் மூஞ்சிக்கு நேரா சொல்லுவானுங்க. ஒரு காரணம் குடு. ஒரு பேரு குடு. என்ன இருக்கு தண்ணில?"

அப்போது அவளுக்குப் பின்னால் கதவு திறந்தது. எசெங்குலோவ் நின்றுகொண்டிருந்தார். ஒன்றும் சொல்லவில்லை. உள்ளேயும் வரவில்லை.

ஜூராகானின் நாக்கில் அந்தப் பெயர் இருந்தது. நாலு எழுத்து. சொல்ல ஒரு வினாடி போதும். ஆனால் அந்த ஒரு வினாடியில் அவள் நாலு மணி நேரக் கேள்வியையும் ஓய்வூதியத்தையும் சேர்த்தே நினைத்துவிட்டாள். எப்படியும் சாயங்காலத்துக்குள் கடிதம் போய்விடும், அதுவரை தண்ணீரைத் தொடாமல் இருந்தால் போதும் என்றும் நினைத்தாள். பயந்த மனசு காரணம் தேடுவதில் ரொம்பக் கெட்டி.

"என்ன, வயித்துப் பிரச்சினையா?" என்று அங்கிருந்து அவரே எடுத்துக் கொடுத்தார்.

"ம். வயித்துக் கோளாறுன்னு வெச்சுக்க," என்றாள்.

அப்பாடா என்றார் ஒராஸ்பெக். அவருக்கு நிஜமாகவே பாரம் இறங்கியது. வயிற்றுக் கோளாறு என்றால் என்ன செய்வது என்று அவருக்கு முப்பது வருஷமாகத் தெரியும். வசந்தத்தில் புதுத் தண்ணீர் வந்ததும் ஊரில் பாதிப் பேருக்கு வயிறு போகும். அதற்கென்று அச்சடித்த அறிவிப்புக் கட்டு அவர் மேஜையில் எப்போதும் இருக்கும். கொதிக்க வைத்துக் குடியுங்கள் என்றால் ஊர் கேட்கும், எடுக்காதே என்றால்தான் சண்டைக்கு வரும், நீ கவலைப்படாதே, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு, மகள் கல்யாணத்துக்குக் கட்டாயம் வர வேண்டும் என்றும் சொல்லி வைத்தார்.

ஜூராகான் திரும்பியபோது எசெங்குலோவ் அவளுக்கு வழிவிட்டு ஒதுங்கினார். யார் என்று கேட்கவில்லை. வாய்க்கால் கரையில் மாதிரி எடுக்க ஆள் இல்லை, நீங்கள் போனால் நன்றாக இருக்கும் என்று மட்டும் சொன்னார். அவள் போனாள். சாயங்காலம் வரைக்கும் சீசாக்களில் தண்ணீர் மொண்டாள். தண்ணீர் பளிங்காக இருந்தது. இரண்டு தடவை கைப்பேசியை எடுத்து ஒரே ஒரு வரி எழுதி அனுப்பிவிடலாமா என்று பார்த்தாள். எழுத்தில் இருந்தால் அழிக்க முடியாது என்று தோன்றியது. திரும்பப் பையில் போட்டுக்கொண்டாள்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு அவள் முகம் கழுவிக்கொண்டிருந்தபோது ஒராஸ்பெக்கின் அழைப்பு வந்தது. இந்தத் தடவை அவர் ஆடு மாட்டை விசாரிக்கவில்லை.

"ஜூரா, இருபத்தாறு பேரைக் கொண்டுவந்து போட்டிருக்காங்க. வாந்தி, தலைசுத்தல். காய்ச்சல் இல்ல. பேதியும் இல்ல. நேத்து ராத்திரிலேருந்து ஓ.ஆர்.எஸ். கரைசல் குடுத்துக்கிட்டே இருக்கேன், குடுக்கக் குடுக்க மோசமாகுது. உங்க பக்கம் என்ன கிருமி வளந்துச்சு ஆய்வுக்கூடத்துல? யெர்போல் வீட்டுக் குழந்தை, நாலு மாசம், உதடு ஒரு மாதிரி கறுத்துப்போய்க் கெடக்கு."

அவள் குழாயை மூடினாள். சொன்னாள். பன்னிரண்டு டன், நைட்ரைட், நேற்றுக் காலை ஏழு மணி, எல்லாவற்றையும் சொன்னாள். நேற்று ஒரு வினாடியில் சொல்லியிருக்க வேண்டியதை இன்று சொல்லவும் அதே ஒரு வினாடிதான் ஆயிற்று.

ஒராஸ்பெக் மெதுவாக, தனக்குத்தானே சொல்லிக்கொள்வதுபோல, "அந்த ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தையெல்லாம் நானேதான் கரைச்சேன் ஜூரா. கொதிக்க வெச்ச வாய்க்கால் தண்ணில," என்றார்.

அவர் பிறகு எதுவும் கேட்டு நேரத்தை வீணாக்கவில்லை. அவரிடம் புண்ணுக்குத் தடவுகிற நீல மருந்துதான் இருந்தது. அது சாராயத்தில் கரைத்தது, ஊசியில் ஏற்ற முடியாது. மாகாண மருத்துவமனைக்கு ஒரு வண்டியை விரட்டினார். அது போய்த் திரும்ப ஏழு மணி நேரம். ஜூராகான் அறுபது குப்பிகளையும் ஒரு அட்டைப்பெட்டியில் பஞ்சு சுற்றி வைத்துக்கொண்டு, எசெங்குலோவிடம் சொல்லாமலே, மச்சினன் காரில் எல்லைச் சாவடிக்குப் போனாள். எட்டே முக்காலுக்கு அங்கே இருந்தாள்.

நம் பக்கத்துக் காவலர்கள் அவளைத் தெரிந்தவர்கள். பெட்டியைத் திறந்துகூடப் பார்க்காமல் விட்டார்கள். அந்தப் பக்கத்து அதிகாரி திறந்து பார்த்தார். ஊசி மருந்து என்றார். இறக்குமதி அனுமதி எங்கே என்றார். குழந்தைகள் சாகக் கிடக்கிறார்கள் என்று அவள் சொன்னாள். அவருக்கு இரக்கம் இல்லாமல் இல்லை. உட்காரச் சொல்லி நாற்காலி போட்டார். தன் மேலதிகாரிக்கு ஃபோன் போட்டார். மேலதிகாரி, எல்லைக்கு அப்பால் ரசாயன விபத்து என்று எங்களுக்கு எந்தத் தகவலும் வரவில்லையே, இல்லாத விபத்துக்கு எப்படி மருந்தை உள்ளே விடுவது என்று கேட்டாராம். அதையும் அந்த அதிகாரி அவளிடம் ஒளிக்காமல் சொன்னார்.

சாவடிக்கு அடுத்திருந்த பாலத்தின் மறுகோடியில் ஒராஸ்பெக்கின் ஆம்புலன்ஸ் வந்து நின்றது. அவர் கிராமத்துச் செவிலியை அனுப்பியிருந்தார். நூறு மீட்டர் இருக்கும். ஜூராகான் கை தூக்கிக் காட்டினாள். அந்தப் பெண்ணும் கை தூக்கினாள். கல்லெறி தூரத்தில் மருந்து இருந்தது, ஆனால் கொடுக்க முடியவில்லை. அவள் ஃபோனில் ஒராஸ்பெக்குக்கு அளவு சொன்னாள். கிலோவுக்கு ஒரு மில்லிகிராம், நரம்பில், மெதுவாக ஏற்ற வேண்டும். அவர் அதைத் திருப்பிச் சொல்லி எழுதிக்கொண்டார். மருந்தே இல்லாமல் அளவை எழுதிக்கொண்டார்.

பதினொன்று பத்துக்கு ஒரு தடவை கூப்பிட்டார். யெர்போல் குழந்தை போயிடுச்சு என்றார். பன்னிரண்டு இருபதுக்கு மறுபடி கூப்பிட்டார். அது ஏழு மாசக் குழந்தை, பெயரை அவர் சொல்லவில்லை. ஜூராகான் நாற்காலியில் உட்கார்ந்தபடியே அட்டைப்பெட்டியை மடியில் இறுக்கிக்கொண்டு சத்தம் போட்டு அழுதாள். காவலர்கள் வெளியே போய் நின்றுகொண்டார்கள்.

பன்னிரண்டு நாற்பதுக்குச் சாவடியின் தொலைநகல் எந்திரம் கிறீச்சிட்டது. கடிதம் வந்துவிட்டது. இரண்டு நாட்டு முத்திரையும், கடித எண்ணும், தேதியும் எல்லாம் இருந்தன. அதிகாரி எழுந்து நின்று அதை அவளிடமே படிக்கக் கொடுத்தார். அருமையான கடிதம். அதைவிட நன்றாக யாரும் எழுதியிருக்க முடியாது. பொருளின் பெயர், அளவு, அறிகுறிகள், கொதிக்க வைக்கக் கூடாது என்று அடிக்கோடிட்ட வரி, மாற்று மருந்து, அளவு, எல்லாம் வரிசையாக இருந்தன. கீழே தயாரித்தவர் என்ற இடத்தில் ஜூராகானின் பெயர் இருந்தது. முந்தின நாள் காலையில் எசெங்குலோவ் கேட்டு அவளே எழுதிக் கொடுத்த குறிப்புதான் அது. ஒரு எழுத்துக்கூட மாறாமல் இரண்டு தலைநகரங்களைச் சுற்றிவிட்டு அவள் கைக்கே வந்திருந்தது.

மருந்து பாலத்தைக் கடந்தது. அன்று சாயங்காலத்துக்குள் முப்பத்தொன்பது பேர் பிழைத்தார்கள். அதில் ஆறு குழந்தைகள். இதையும் சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் நியாயமில்லை. ஆனால் அந்தக் கணக்கு ஜூராகானுக்கு எந்த நாளும் ஆறுதலாக இருந்ததில்லை.

பன்னிரண்டு நாள் கழித்து இரண்டு நாட்டு அதிகாரிகளும் சேர்ந்த விசாரணைக் குழு யெங்பெக் பள்ளிக்கூடத்தில் கூடியது. நீள மேஜையின் ஒரு பக்கம் அவர்கள், மறுபக்கம் நாம். நடுவில் பழமும் கண்ணாடிக் கோப்பைகளில் புட்டித் தண்ணீரும் வைத்திருந்தார்கள். ஊர்க்காரர்களைச் சுவரோரமாக உட்கார விட்டிருந்தார்கள். அதில் முதல் ஆளாக யெர்போல் உட்கார்ந்திருந்தான். முப்பது வயது இருக்கும். தொப்பியைக் கழற்றி முழங்கால் மேல் வைத்துக்கொண்டு, பேசுகிறவர்களின் வாயை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் அவன் மனைவி மெருவெர்த். அவள் யாரையும் பார்க்கவில்லை.

குழுத் தலைவர் ஒராஸ்பெக்கிடம் ஒரு தாளைக் காட்டினார். கொதிக்க வைத்துக் குடிக்கச் சொல்லும் அறிவிப்பு. சாவுக்கு முந்தின நாள் பன்னிரண்டு மணிக்கே ஊர் முழுக்க ஒட்டியிருக்கிறீர்கள், அப்போது தண்ணீரில் கோளாறு என்று உங்களுக்கு யார் சொன்னது, அதிகாரபூர்வக் கடிதம் வருவதற்கு முன்னால் மேலேயிருந்து ஏதாவது தகவல் வந்ததா என்று கேட்டார்.

இங்கே ஒராஸ்பெக் உண்மையைச் சொன்னால் அவள் வேலை போகும். அது அவளுக்கு இப்போது ஒரு பொருட்டாக இல்லை. சொல்லட்டும் என்றுதான் காத்திருந்தாள். சொல்லிவிட்டால் அந்த அறிவிப்பு அவர் தலையில் மட்டும் விழாது.

"ஒரு தகவலும் வரல," என்றார் ஒராஸ்பெக். "வருஷா வருஷம் புதுத் தண்ணி வந்ததும் ஒட்டுறதுதான். என் பழக்கம்."

அப்படியானால் நோயாளிகளுக்கு அந்தத் தண்ணீரிலேயே கரைசல் கொடுத்ததும் உங்கள் சொந்த முடிவா என்று தலைவர் கேட்டார். ஆமாம் என்றார். எழுத்தர் அதை எழுதிக்கொண்டார். சுவரோரத்தில் யாரோ ஒரு பெண் விம்மினாள்.

ஜூராகான் எழுந்து நின்றாள். நாற்காலி பின்னால் நகர்ந்த சத்தத்தில் எல்லோரும் திரும்பினார்கள். எசெங்குலோவ் அவள் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தார். "நான் ஃபோன் பண்ணேன்," என்றாள். "முந்தின நாள் பதினொன்றரைக்கு நான்தான் இவருக்கு ஃபோன் பண்ணேன்."

தலைவர் தன் காகிதங்களைப் புரட்டினார். அந்தத் தகவலின் வெளிச்செல்லும் கடித எண் என்ன என்று கேட்டார். எண் இல்லை என்றாள். எழுத்தரின் பேனா தாளுக்கு மேலே அப்படியே நின்றது. அவர் என்ன செய்வது என்று தெரியாமல் தலைவரைப் பார்த்தார்.

"பண்ணாங்க," என்றார் ஒராஸ்பெக், அவளைப் பார்க்காமலே. "எம் பொண்ணு கல்யாணத் தேதி கேக்கப் பண்ணாங்க. ரெண்டு பேரும் ஒண்ணாப் படிச்சவங்க. தண்ணியைப் பத்தி ஒண்ணும் பேசல."

தலைவர் நிம்மதியாகத் தலையாட்டினார். எழுத்தரின் பேனா எதையும் எழுதாமல் கீழே இறங்கியது. ஜூராகான் இன்னொரு தடவை வாயைத் திறந்திருக்கலாம். அவர் பொய் சொல்கிறார் என்று ஒரு வார்த்தை போதும். யெர்போல் அவள் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் உட்கார்ந்துவிட்டாள்.

கூட்டம் முடிந்து எல்லோரும் சாப்பாட்டுக்குப் போனபோது பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் விறகு அடுக்கியிருந்த இடத்தில் ஒராஸ்பெக் தனியாக நின்று சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தார். மூன்று மாசத்துக்கு அவர் மருத்துவம் பார்க்கக் கூடாது என்று முடிவாகியிருந்தது. அப்புறம் வழக்கு. மகள் கல்யாணத்தை மாப்பிள்ளை வீட்டார் தள்ளி வைத்துவிட்டார்கள் என்று அவளுக்கு வேறு யாரோ சொன்னார்கள். அவள் பக்கத்தில் போய் நின்றாள். 

"எனக்காக எதுக்கு ஒராஸ்…" என்று ஆரம்பித்தாள்.

"உனக்காக இல்ல," என்றார். குரலில் கோபம்கூட இல்லை. "யெர்போலும் அவன் தம்பிங்களும் அங்க உக்காந்திருந்தாங்கல்ல. மேல இருக்கிறவங்களுக்கு முந்தின நாளே தெரியும், தெரிஞ்சே விட்டாங்கன்னு அவன் காதுல விழுந்திருந்தா, இந்நேரம் மதகுல நாலு பொணம் விழுந்திருக்கும். ரெண்டு போதும்னு நெனச்சேன்."

அவர் சிகரெட்டை அணைத்துவிட்டு, அன்றைக்கு ஃபோன் பேசும்போது நடுவில் சட்டென்று நிறுத்தினாயே, யார் வந்தது என்று கேட்டார். எசெங்குலோவ் என்றாள்.

"வந்து என்ன பண்ணாரு? ஃபோனைப் புடுங்கினாரா?"

"இல்ல."

"மிரட்டினாரா?"

"இல்ல. சும்மா நின்னாரு."

ஒராஸ்பெக் தலையை ஆட்டிக்கொண்டார். அவருக்குத் தெரிய வேண்டியது அவ்வளவுதான் போலிருந்தது. கொஞ்ச தூரம் நடந்தார். பிறகு நின்று, திரும்பி வந்து, அவள் முகத்தைப் பார்த்தார். வந்ததிலிருந்து அப்போதுதான் முதல் தடவையாகப் பார்த்தார்.

"யெர்போல் கொழந்தைக்கு ராத்திரியே ரத்தம் எடுத்தேன் ஜூரா. ஊசில ஏறும்போதே காப்பித்தூள் நிறத்துல இருந்துச்சு. நீ படிச்ச பாடத்தைத்தானே நானும் படிச்சேன்? அந்த ரத்தத்தைப் பாத்தா ஒரு டாக்டருக்கு என்ன தோணணும்? எனக்குத் தோணல. ஏன்னா எனக்குத்தான் ஏற்கெனவே தெரியுமே, வயித்துக் கோளாறுன்னு. நீதான் சொல்லியிருந்தியே. நீ கூப்பிடாம இருந்திருந்தா நான் பாத்திருப்பேன்."

சொல்லிவிட்டு அவர் பள்ளிக்கூடத்தைச் சுற்றிக்கொண்டு, ஊர்க்காரர்கள் நின்ற பக்கம் போகாமல், பின்வழியாக வீட்டுக்குப் போனார். ஜூராகான் அங்கேயே நின்றாள். சாப்பாட்டு மேஜைக்கு வரச் சொல்லி எசெங்குலோவ் ஆள் அனுப்பியிருந்தார்.